இறைச்சிக் கூடத்துத் தண்ணீர் எங்கே போகிறது?



ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடை வாசலில் நிற்கும்போது நீங்கள் எதையெல்லாம் கவனிப்பீர்கள்? விலைப்பலகை, தராசு, கூண்டில் இருக்கும் கோழி தெம்பாக இருக்கிறதா என்பது. கொஞ்சம் விவரமானவர்கள் கத்தியும் கட்டையும் சுத்தமா என்றும் பார்ப்பார்கள். ஆனால் கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துத் தரையில் அடிச்சு ஊத்துறாரே, அது எந்தப் பக்கம் ஓடுதுன்னு நம்மில் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. இன்றைக்கு நான் பேசப்போவது அந்தத் தண்ணீரைப் பற்றித்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறியை நாம் வேக வைக்கிறோம். அதிலுள்ள கிருமி செத்துவிடும். கறி கழுவிய தண்ணீரை யாரும் வேக வைப்பதில்லை. அது சாக்கடைக்குப் போகிறது, அங்கிருந்து கால்வாய்க்கு, பிறகு ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இறைச்சிக் கூடத்திலிருந்து ஊருக்குள் வரும் பாதைகளில், நாம் கவனிக்காமல் விட்ட பாதை இந்தத் தண்ணீர்.

குடலுக்குள் நடப்பது

ஆடு, மாடு, கோழி, மனிதர் என எல்லோருடைய குடலிலும் பாக்டீரியா கோடிக்கணக்கில் வாழ்கிறது. பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்வதில்லை. ஈ.கோலி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் குடலில் இருப்பதுதான். அதன் பல வகைகள் குடலுக்குள் இருக்கும்வரை சாதுவாகவே இருக்கும். சிறுநீர்ப் பாதைக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால்தான் ஆபத்து.

பண்ணைகளில் ஆன்டிபயாடிக் மூன்று காரணங்களுக்காகக் கொடுக்கப்படுகிறது. ஒன்று, நோய் வந்தால் குணப்படுத்த. இரண்டு, ஒரு கோழிக்கு வந்தது கொட்டகை முழுக்கப் பரவாமல் தடுக்க. மூன்று, சீக்கிரம் எடை கூட. முதல் காரணம் நியாயமானது. கால்நடை மருத்துவர் சொல்லி, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுத்தால் அது வைத்தியம். மூன்றாவது காரணம்தான் பெரிய சிக்கல். எடை கூட்டுவதற்காக ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்திவிட்டது.

ஏன் சிக்கல்? தீவனத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போனால், மருந்துக்குப் பணியும் பாக்டீரியா செத்து, பணியாதது தங்கிவிடும். எதிர்த்து நிற்க இடமில்லாததால் அது பெருகும். வசதியான சூழலில் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். பெனிசிலினை 1928-ல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே எச்சரித்தார்: அரைகுறை அளவில் மருந்து கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உங்கள் கைபேசியில் இருப்பதையே உதாரணமாகச் சொல்றேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால், அதை உறவினருக்கும் அனுப்பலாம், முன்பின் தெரியாதவர் இருக்கும் குழுவுக்கும் அனுப்பலாம், இல்லையா? பாக்டீரியாவும் அப்படித்தான். மருந்தை எதிர்க்கும் மரபணுவை பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் வைத்துப் பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது அதே இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கோழிக் குடலில் இருந்த ஒரு சாதுவான ஈ.கோலி, மனிதருக்கு நோய் தரும் வேறொரு பாக்டீரியாவுக்கு அந்த மரபணுவை அனுப்பிவிடலாம்.

இதற்குத் தேவை ஒன்றுதான்: இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத் தருவதுதான் இறைச்சிக் கூடத்துச் சாக்கடை. பல பண்ணைகளிலிருந்து வந்த பல நூறு விலங்குகளின் குடல் கழிவு, ரத்தம், கொழுப்பு எல்லாம் ஒரே வாய்க்காலில் சேருகிறது. பாக்டீரியாவுக்கு அங்கே சாப்பாட்டுக்கும் குறைவில்லை, துணைக்கும் குறைவில்லை.

ஜெர்மனியில் பார்த்தது

"எங்க ஊர்ல வசதி இல்லை, அதனால இப்படி, வெளிநாட்டுல சுத்தமா இருக்கும்" என்று சிலர் நினைக்கலாம். ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டில் இரண்டு பெரிய கோழி இறைச்சி ஆலைகளின் தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2020-ல் வெளிவந்தன. கோழி வந்திறங்கும் பகுதியிலும் அடுத்தடுத்த வேலைகள் நடக்கும் பகுதியிலும் ஓடிய நீரில் 50 மாதிரிகள், ஆலைகளின் சொந்தச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து 32 மாதிரிகள்.

முக்கியமான பல ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சிதைத்துவிடும் ஈ.கோலி அந்தத் தண்ணீரில் இருந்தது. மருத்துவமனைகளில் தொல்லை கொடுக்கும் கிளெப்சியெல்லா இருந்தது. கொலிஸ்டின் என்ற மருந்தை எதிர்க்கும் மரபணுவும் இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்து நீரிலும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இருந்தது. எல்லா வசதியும் உள்ள ஆலையிலேயே இப்படி என்றால், வாளியும் துடைப்பமும் மட்டும் உள்ள இடத்தில் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கொலிஸ்டினுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அது பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மருத்துவர்கள் ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு வந்த நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போனதும், வேறு வழியில்லாமல் அதையே திரும்ப எடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி ஆயுதம் அது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த அதே மருந்து, கோழிக்கும் பன்றிக்கும் எடை கூட்டத் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. அதை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்கிறது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் வெளியிட்டபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும், கோழிக்கும், மீன் வளர்ப்புக்கும், தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் நம் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால் ஏற்கெனவே பரவிய மரபணு, தடை ஆணையைப் படித்துவிட்டு நின்றுவிடாது. அதனால்தான் தண்ணீரைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

தெளிந்த நீர் எல்லாம் சுத்தமான நீரா?

இறைச்சிக் கூடத்துக் கழிவுநீரைச் சோதிக்கும்போது வழக்கமாக என்ன பார்ப்பார்கள்? அமில காரத் தன்மை, கரிமக் கழிவு எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகிறது என்பது, மிதக்கும் துகள், எண்ணெயும் கொழுப்பும். இவையெல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா எத்தனை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, ஒரு நீர் சோதனையில் தேறிவிடலாம், நாற்றமில்லாமல் கண்ணுக்குத் தெளிவாகவும் இருக்கலாம், உள்ளே இந்தப் பாக்டீரியாவும் இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உதாரணத்துக்கு, ஒரு மில்லி கழிவுநீரில் 10 லட்சம் பாக்டீரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் 99 சதவீதத்தை நீக்கிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு மில்லியில் 10,000 மிச்சம். ஒரு லிட்டரில் 1 கோடி. இதனால் சுத்திகரிப்பு வீண் என்று ஆகாது. சுத்திகரிக்காமல் விட்டால் அந்த ஒரு லிட்டரில் 100 கோடி போயிருக்கும். கிருமிநீக்கம் என்ற கடைசிக் கட்டமும் சேர்ந்தால்தான் வேலை முடியும் என்பதே இதிலிருந்து தெரிய வேண்டியது.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடையைக் கழுவிவிட்டுக் கடைசியில் சாக்கடையில் ஒரு கை பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். வெள்ளையாகத் தெரியும், குளோரின் வாடை வரும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் ரத்தமும் கொழுப்பும் கலந்த தண்ணீரில் குளோரின் முதலில் அந்த ரத்தத்தோடும் கொழுப்போடும் மல்லுக்கட்டித் தீர்ந்துபோய்விடும். பாக்டீரியாவைக் கொல்ல மிச்சம் இருக்காது. முதலில் ரத்தத்தையும் குடலையும் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் எந்த மருந்தும் வேலை செய்யும்.

நம் ஊரில் நிலைமை

சென்னையில் ஆட்டுத்தொட்டி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். உள்ளாட்சி நடத்தும் இறைச்சிக் கூடத்துக்கு மக்கள் வைத்த பெயர். விலங்கு வதைத் தடுப்பு (இறைச்சிக் கூடம்) விதிகள், 2001-ன்படி, அங்கீகாரமோ உரிமமோ பெற்ற கூடத்தில்தான் விலங்கை வெட்ட வேண்டும். அதற்கு முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளைக்கு 96 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்றுகூட விதியில் இருக்கிறது. அவசரத்தில் தலையை மட்டும் எண்ணி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு.

கோழியின் கதை வேறு. பல்லடம் பக்கத்துப் பண்ணையிலிருந்து இரவில் லாரியில் ஏறும் கோழி, விடிகாலையில் உங்கள் தெருக் கடையின் கூண்டுக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் அங்கேயே, உங்கள் கண்முன்னால் வெட்டப்படுகிறது. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு கோழிக்கடையும் ஒரு சின்ன இறைச்சிக் கூடம்தான். வித்தியாசம் என்னவென்றால், அதன் கழிவுநீருக்குத் தனி நிலையம் கிடையாது. தெருச் சாக்கடையேதான் எல்லாம்.

கடையில் உள்ள டிரம்மைக் கவனித்திருக்கிறீர்களா? இறகு நீக்கிய கோழியை அந்தத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அடுத்த கோழியும் அதே தண்ணீரில். பத்தாவது கோழியும் அதே தண்ணீரில். முதல் கோழியின் குடலில் இருந்தது பத்தாவது கோழியின் மேல் ஏறிவிடும். இறைச்சியைக் கழுவும் நீர் குடிக்கத் தகுந்த நீராக இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. குழாயில் வரும்போது அது நல்ல தண்ணீராகவே இருக்கலாம். டிரம்மில் மூன்றாவது கோழி முங்கியதும் அது கழிவுநீர்.

இதில் முதலில் பாதிக்கப்படக்கூடியவர் வாங்குகிற நீங்கள் அல்ல, வெட்டுகிற அந்தத் தொழிலாளிதான். கையில் கத்திக் கீறல் இல்லாத நாள் அவருக்கு இருக்காது. கையுறை இல்லாமல், செருப்போடு, அந்தத் தண்ணீரிலேயே ஆறு மணி நேரம் நிற்கிறார். தெறிக்கும் துளி வாயிலும் கண்ணிலும் படுகிறது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார். அவருக்குக் கம்பூட்டும், கையுறையும், சோப்புள்ள தனிக் குழாயும் கொடுப்பது அவர் குடும்பத்துக்கும் நம் எல்லோருக்கும் போடும் வேலி.

இதனால் நமக்கு என்ன?

சாதாரணமாக ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வருகிறது. முன்பெல்லாம் சில நாள் மாத்திரையில் சரியாகும். இப்போது பரிசோதனை முடிவில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்' என்று வருகிறது. அந்த மருந்து வேலை செய்யாது என்று அர்த்தம். மாத்திரையில் முடிய வேண்டியது ஊசியாகிறது, ஊசி மருத்துவமனைப் படுக்கையாகிறது. பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று என்றால், காத்திருந்து மருந்தை மாற்றிப் பார்க்க நேரமே இருக்காது. சிசேரியன், மூட்டு மாற்று அறுவை, புற்றுநோய் சிகிச்சை எல்லாமே ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019-ல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

இதற்கெல்லாம் கறிக்கடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருந்துச் சீட்டே இல்லாமல் நாம் வாங்கி விழுங்கும் மாத்திரை, மருத்துவமனைக் கழிவுநீர், நம் வீட்டுச் சாக்கடை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் தண்ணீர்தான்.

பயப்பட வேண்டாம் என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா நெருப்பை எதிர்ப்பதில்லை. நன்றாக வேகும் குழம்பில் அது மற்ற பாக்டீரியாவைப் போலவே செத்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் கையை விட்டுப் போய்விடும். ஆகவே கறி சாப்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஒழுங்காகச் செய்தால் போதும்.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டில்: கோழிக் கறியைக் கழுவவே வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2014-லிருந்தே மக்களிடம் சொல்லிவருகிறது. கழுவும்போது தெறிக்கும் துளி சமையலறை முழுக்கக் கிருமியைப் பரப்பும் என்பதே காரணம். நம் வீடுகளில் மஞ்சள் போட்டு அலசாமல் யாரும் அடுப்பில் ஏற்றப் போவதில்லை, எனக்கும் தெரியும். அப்படியென்றால் குழாயை வேகமாகத் திறந்து அதன் அடியில் காட்டாதீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, தெறிக்காமல் மெதுவாக அலசுங்கள். பக்கத்தில் வெள்ளரிக்காய், கொத்தமல்லி என்று பச்சையாகச் சாப்பிடும் எதுவும் இருக்கக் கூடாது. அலசிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாமல் சாக்கடைக் குழாயில் ஊற்றுங்கள். கடைசியில் தொட்டி, கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

கடையில்: சண்டை வேண்டாம், கேள்வி போதும். "அண்ணே, டிரம் தண்ணிய எப்ப மாத்துவீங்க? கழிவத் தனியா எடுத்து வைக்கிறீங்களா?" வாடிக்கையாளர் பத்துப் பேர் கேட்டால் கடை மாறும். கடைக்காரர்களுக்கும் ஒன்று: ரத்தத்தைத் தனித் தட்டில் பிடியுங்கள், கழிவைத் தண்ணீர் விடாமல் முதலில் வழித்து எடுங்கள், வடிகால் வாயில் ஒரு கம்பி வலை போடுங்கள். பெரிய செலவு இல்லை. சாக்கடைக்குப் போகும் சுமை பாதியாவது குறையும்.

கைபேசியில்: கடையில் மாட்டியிருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தில் 14 இலக்க எண் இருக்கும். ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அது உண்மையானதா என்று பார்க்கலாம், புகாரும் தரலாம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். ஏரிக்கரையிலோ கால்வாயிலோ கோழிக் கழிவைக் கொட்டினால், சென்னையில் மாநகராட்சியின் 1913, மற்ற ஊர்களில் முதல்வரின் முகவரி உதவி எண் 1100. புகாரில் இடம், நாள், நேரம், தண்ணீர் எந்த வாய்க்காலில் சேர்கிறது என்ற நான்கும் இருக்கட்டும். ஆட்களின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம்; குழாயையும் வாய்க்காலையும் எடுங்கள்.

மருந்தில்: அட்டையின் மேல் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். போன முறை மிஞ்சியதை இந்த முறை விழுங்காதீர்கள். ஆடு, கோழி வளர்ப்பவர்களும் அப்படியே. தீவனக் கடைக்காரர் சொன்னார் என்று மருந்து கலக்காமல், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அவசரத்துக்கு 1962-ஐ அழையுங்கள். மருந்து கொடுத்தால், அவர் சொன்ன நாள் கழியும்வரை விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாக ஒன்று. தனியாள் கேள்வி கேட்டால் கடை மாறும். ஊரே சேர்ந்து கேட்டால்தான் சாக்கடை மாறும். நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்றைக்குக் குடிநீரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் எழுந்து இன்னொன்றையும் கேளுங்கள்: "நம்ம ஊர்ல ஆடும் கோழியும் வெட்டுற இடம் எத்தனை? அந்தத் தண்ணி எங்க போகுது? அங்க வேலை பார்க்கிறவங்களுக்குக் கையுறை இருக்கா?" நகரத்தில் இருப்பவர்கள் பகுதி சபையில் கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுதி வைத்ததை அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கலாம்.